கேள்வி கேட்ட தோமையாரின் மலையடியிலே

பரங்கிமலையின் படிகளை வாசகர்களில் பலர் ஒருமுறையேனும் ஏறியிருப்பீர்கள். சென்ற திருவருகைக் காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, எங்கள் பங்கின் இளைஞர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு நானும் ஏறினேன். ஐம்பதைக் கடந்த எனக்கு மூச்சு வாங்கிற்று. பிள்ளைகளோ இரண்டிரண்டு படிகளாகத் தாவிச் சென்றனர். 1523-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் எழுப்பிய மாதா கோவிலில் சற்று நேரம் செபித்துவிட்டு, வெளியே வந்து மதிலோரம் நின்றோம்.

அங்கிருந்து தெற்கு நோக்கினால் சென்னையின் புறநகர் முழுவதும் கண்ணுக்குள் அடங்கிவிடும். மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள், கல்லுடைத்துக் கல்லுடைத்துத் தேய்ந்துபோன திரிசூலத்துக் குன்றுகள், ஜி.எஸ்.டி. சாலையில் எறும்பு வரிசையாய் ஊரும் வண்டிகள், அவற்றை ஒட்டியே நீண்டு செல்லும் இருப்புப் பாதை. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாள்முதல், வயல்களும் ஏரிகளும் பனங்காடுகளுமாய்க் கிடந்த இப்பகுதி மெல்ல மெல்ல ஊராகி, நகராகி, 2021-இல் தாம்பரம் மாநகராட்சியாகவும் உயர்ந்துவிட்டது.

அப்போது பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் தம்பி ஒருவன் என்னருகே வந்தான். "ஃபாதர், ஒன்று கேட்கலாமா? மாணவர்கள் போராடலாமா, கூடாதா? பள்ளியில் கேட்டால் படிக்கிற வேலையைப் பார் என்கிறார்கள். வீட்டிலும் அதே பதில். நீங்களாவது சொல்லுங்கள்" என்றான்.

முப்பது ஆண்டுகளாக மறையுரை ஆற்றிவரும் எனக்கு இதற்கு ஒரு விடை சொல்வது பெரிதல்ல. ஆயினும் அன்று என் நா எழவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு; அதைப் பின்னர்ச் சொல்கிறேன். "விடையை இங்கே நின்று சொல்ல இயலாது தம்பி. வா, இறங்கி ரயிலேறுவோம். தாம்பரம் வரை ஏழு நிலையங்கள். வழியிலேயே உன் கேள்விக்கு விடை கிடக்கிறது" என்று மட்டும் சொன்னேன்.

பல்லாவரத்துத் தோட்டம்

பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம் கடந்து பல்லாவரத்தில் இறங்கினோம். இவ்வூரைக் கடப்போருள் எத்தனை பேருக்குத் தெரியும், தமிழ் மொழியின் வரலாற்றில் ஒரு திருப்பம் இங்கே ஒரு வீட்டுத் தோட்டத்தில் நிகழ்ந்ததென்று?

நாகப்பட்டினத்தில் 1876-இல் பிறந்து, அங்கே வெசுலியன் மிஷன் பள்ளியில் பயின்ற வேதாசலம் என்பவர் 1898-இல் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் தமிழாசிரியராய்ச் சேர்ந்தார். பரிதிமாற் கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக் கொண்ட சூரியநாராயண சாஸ்திரியார் அங்கே அவருடன் பணியாற்றினார். பல்கலைக்கழகப் படிப்பில் தமிழ் கட்டாயப் பாடமாக இராது என்ற நிலை வந்தபோது, வேதாசலனார் 1911-இல் கல்லூரியை விட்டு நீங்கிப் பல்லாவரத்தில் குடியேறினார். அவரே பின்னாளில் மறைமலை அடிகள்.

ஒரு மாலைப்போது அடிகள் தம் மகள் நீலாம்பிகையுடன் தோட்டத்தில் உலாவிக்கொண்டிருந்தார். இராமலிங்க அடிகளின் பாடல் ஒன்றைப் பாடுகையில், அதில் வரும் 'தேகம்' என்னும் வடசொல்லின் இடத்தில் 'யாக்கை' என்னும் தமிழ்ச்சொல் அமைந்திருந்தால் எத்துணை இனிமையாய் இருக்கும் என்று தந்தை மகளுக்கு எடுத்துரைத்தார். அப்படியானால் நாம் இனித் தனித்தமிழிலேயே பேசி எழுதினால் என்ன என்று அந்தச் சிறுமியின் உள்ளத்தில் ஓர் ஆவல் எழுந்தது. 1916-இல் தனித்தமிழ் இயக்கம் பிறந்த கதை இதுதான். அறிஞர் மாநாடு எதுவும் கூடி எடுத்த முடிவன்று; மாலை நடையில் தந்தையும் மகளும் பேசிய பேச்சு.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து என்ன நடந்தது? 1938 ஏப்ரலில் இராஜாஜியின் அமைச்சரவை 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கி ஆணை பிறப்பித்தது. எதிர்ப்பு மூண்டது. சிறை சென்றவர்களுள் நடராசன், தாளமுத்து என்னும் இருவர் 1939-இல் உயிர் நீத்தனர். இதற்கிடையே, 1938 நவம்பர் 13-இல் சென்னையில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடிற்று. ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' என்னும் பட்டம் வழங்கிய மாநாடு அது. அதற்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? தோட்டத்தில் தந்தையின் விரல் பிடித்து நடந்த அதே நீலாம்பிகை. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது.

நம் மறைக்கும் பெரியாரின் கொள்கைக்கும் உள்ள தொலைவை நான் அறியாதவனல்லன். நான் சொல்ல வருவது வேறு. தந்தை தம் மகளைத் தமக்குச் சமமாக மதித்துப் பேசினார். மகளின் ஆவலைச் சிறுபிள்ளைத்தனம் என்று ஒதுக்கவில்லை. அவ்வீடே அவளுக்குப் பள்ளிக்கூடமாயிற்று. அப்படி வளர்ந்த பெண்ணுக்குப் பின்னொரு நாள் ஆயிரம் பேர் முன் எழுந்து நிற்க அச்சம் ஏது?

குரோம்பேட்டையும் சிட்லப்பாக்கத்து ஏரியும்

அடுத்த வண்டியில் ஏறிக் குரோம்பேட்டையைக் கடந்தோம். குரோம் தோல் தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் இது. 1949-இல் சி. இராஜம் என்னும் பெருந்தகை தம் மாளிகையையே விற்று இங்கே சென்னைத் தொழில்நுட்பப் பயிலகத்தை, நாம் எம்.ஐ.டி. என்று அழைக்கும் கல்லூரியை, நிறுவினார். இராமேசுவரத்துச் சிறுவர் அப்துல் கலாம், திருச்சியில் நம் சேசு சபையாரின் தூய வளனார் கல்லூரியில் பயின்றபின், 1950-களில் விமானப் பொறியியல் கற்க வந்தது இங்கேதான்.

பாதைக்குக் கிழக்கே சிட்லப்பாக்கம். இங்குள்ள ஏரி முன்னாளில் வயல்களுக்கு நீர் தந்தது. வயல்கள் மனைகளான பின், ஏரி குப்பை கொட்டும் இடமாயிற்று, கழிவுநீரும் கலந்தது. சென்னையே தண்ணீருக்குத் தவித்த 2019-ஆம் ஆண்டின் கோடையில், குடியிருப்போரும் இளைஞரும் தாமே மண்வெட்டியும் கூடையும் எடுத்து ஏரியில் இறங்கினர். அதற்கு முன்பே பல ஆண்டுகளாக மனுக்கள் எழுதியும், கூட்டம் கூட்டியும் சலிக்காதவர்கள் அவர்கள். அவ்வாண்டில் அரசு அந்த ஏரியைச் சீரமைக்க 25 கோடி ரூபாய் ஒதுக்கிற்று.

"இதுவும் போராட்டம்தானா ஃபாதர்?" என்று ஒரு பெண் கேட்டாள். "ஏன் இல்லை? முழக்கம் ஒரு நாள் கேட்கும், மண்வெட்டி பல நாள் பேசும்" என்றேன்.

தாம்பரத்து மரங்கள்

தாம்பரம் நிலையத்தின் கிழக்குப் பக்கம் இறங்கினால், எதிரே சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி. இருள் கவியத் தொடங்கிவிட்டதால் உள்ளே செல்லவில்லை. வெளியே நின்றே அதன் மரங்களைக் கண்டோம்.

இக்கல்லூரியின் வேர் 1837-இல் ஸ்காத்லாந்து மறைப்பணியாளர் ஜான் ஆண்டர்சன் சென்னையில் தொடங்கிய ஒரு பள்ளியில் இருக்கிறது. அது சீர்திருத்த சபையாரின் நிறுவனம்; நம்முடையதன்று. ஆயினும் நாம் வணங்கத்தக்க ஒரு செயல் அதன் தொடக்கத்திலேயே நடந்தது. ஒடுக்கப்பட்ட குலத்துச் சிறுவர் சிலர் அப்பள்ளியில் சேர்ந்திருப்பது தெரியவந்ததும், உயர்குலத்தார் எனத் தம்மைக் கருதியோர் அவர்களை நீக்குமாறு வற்புறுத்தினர். ஆண்டர்சன் இசையவில்லை. மாணவர் பலர் பள்ளியை விட்டு விலகிச் சென்றனர். பள்ளி தளர்ந்தது, ஆனால் பெஞ்சிலிருந்து எந்தப் பிள்ளையும் எழுப்பப்படவில்லை. அன்று அங்கே அமர்ந்திருந்த சிறுவர்கள் எந்தப் பாடத்தை மறந்தாலும் அந்தப் பாடத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

இதைச் சொல்லும்போது நம் நெஞ்சையும் தொட்டுப் பார்க்க வேண்டும். நம் கோவில்களில் சிலவற்றில் சாதிக்கொரு பக்கமும், கல்லறைகளில் சாதிக்கொரு மூலையும் இருந்ததை நம் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். மறைக்கல்வி வகுப்பில் அனைவரும் இறைவனின் மக்கள் என்று கற்பித்துவிட்டுக் கல்லறையில் வேறு பாடம் நடத்தினால், பிள்ளை எதைக் கற்றுக்கொள்ளும்?

1937-இல் கல்லூரி நகரின் நெருக்கடியிலிருந்து தாம்பரத்துக்கு வந்தது. அப்போது இது முட்புதர்க் காடு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் என்பவரும் அவர்தம் துணைவியாரும் பொறுமையாய் நட்டு வளர்த்த மரங்களே இன்றைய சோலையின் தொடக்கம். மாணவர்க்கென மூன்று விடுதிகள் எழுந்தன: சேலையூர் விடுதி, தூய தோமையார் விடுதி, ஆயர் ஈபர் விடுதி. அவற்றில் நான் வியக்கும் செய்தி ஒன்றுண்டு. விடுதியின் பொறுப்பாளர்களை மாணவரே வாக்களித்துத் தேர்ந்தனர். உணவுக்கூடத்தின் வரவு செலவையும் மாணவரே பார்த்தனர். அரிசி விலை ஏறினால் என்ன செய்வது, கணக்கில் பத்து ரூபாய் குறைந்தால் யாரைக் கேட்பது, தோற்ற வேட்பாளர் வென்றவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்பது எப்படி — குடியாட்சியின் அரிச்சுவடி இவைதாமே! குடிமையியல் புத்தகத்தில் 'உரிமைகள், கடமைகள்' என்று மனப்பாடம் செய்து 5 மதிப்பெண் பெறுவதற்கும் இதற்கும் எவ்வளவு வேறுபாடு!

தேநீர்க் கடையில் 1965

நிலையத்தருகே ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்தோம். தம்பி விடவில்லை. "அறுபத்தைந்தில் நடந்ததைச் சொல்லுங்கள் ஃபாதர்" என்றான்.

அப்போது நான் பிறக்கவில்லை. என் தந்தையார் கல்லூரி மாணவராய் இருந்தார். அவர் சொல்லக் கேட்டும், பின்னர்ப் படித்தும் அறிந்ததைச் சொன்னேன். 1965 ஜனவரி 26 முதல் இந்தி மட்டுமே ஆட்சிமொழி ஆகிவிடும் என்ற அச்சம் தமிழ்நாட்டு மாணவரிடையே தீயாய்ப் பரவிற்று. ஜனவரி 25-இல் மதுரையில் மாணவர் ஊர்வலம் தாக்கப்பட்டது, மாநிலமெங்கும் கொந்தளிப்பு. 27-ஆம் நாள் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் இராசேந்திரன் துப்பாக்கிச் சூட்டில் மாண்டார். இந்தப் புறநகர்களை அடுத்த கோடம்பாக்கத்தில் சிவலிங்கமும், விருகம்பாக்கத்தில் அரங்கநாதனும் தம்மைத் தாமே தீக்கு இரையாக்கிக் கொண்டனர். பிப்ரவரி 11-இல் மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும், நம் செங்கல்பட்டுத் தொகுதியின் உறுப்பினர் ஓ.வி. அளகேசனும் பதவி விலக முன்வந்தனர். அன்றிரவே பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசி, ஆங்கிலம் தொடரும் என உறுதியளித்தார். உயிரிழந்தோர் சுமார் 70 பேர் என்பது அரசுக் கணக்கு.

இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், அப்போராட்டத்தின் மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரையே தோற்கடித்தார். 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை ஏற்றது. இன்று உங்கள் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும் என இரண்டு மொழிகள் இருப்பது அந்த மாணவர்களால்.

பிள்ளைகளின் கண்கள் ஒளிர்ந்தன. ஆனால் கதையின் மறுபக்கத்தை மறைத்தால் நான் குருவல்லன். அதே நாட்களில் திருப்பூரில் காவல்துறை அதிகாரிகள் இருவர் உயிரோடு எரித்துக் கொல்லப்பட்டனர். அவர்களும் ஒரு தாயின் பிள்ளைகள்; அவர்களுக்கும் வீட்டில் காத்திருந்தோர் உண்டு. தம்மைத் தாமே எரித்துக் கொண்டோரின் தமிழ்ப்பற்றை நான் ஐயுறவில்லை. ஆயினும் உயிர் இறைவன் தந்தது, அதை மாய்த்துக்கொள்ள எந்த நற்காரணமும் நமக்கு உரிமை தராது. "கோரிக்கை நியாயமானதாலேயே அதன் வழியெல்லாம் நியாயமாகிவிடாது, தம்பி" என்றேன். அவன் தலையசைத்தான்.

வியப்பூட்டும் ஓர் ஒற்றுமை: அதே 1965-ஆம் ஆண்டு, அக்டோபர் 28-இல்தான் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையை வெளியிட்டது. பெற்றோரே பிள்ளைகளின் முதல் ஆசிரியர் என்பதும், இளைஞரைச் சமுதாய வாழ்வில் பொறுப்புடன் பங்கேற்க ஆயத்தப்படுத்துவது கல்வியின் கடமை என்பதும் அதன் போதனை. நம் பள்ளிகளின் சுவர்களில் அதை எழுதி வைத்தோமோ இல்லையோ, நெஞ்சில் எழுதி வைத்தோமா?

இந்தக் கேள்வி முதலில் என்னை நோக்கியது. திரும்பும் வண்டியில் கூட்டம் குறைவு. மலையின் மேல் சொல்லாமல் விட்டதை அங்கேதான் பிள்ளைகளிடம் சொன்னேன்.

ஒரு மன்னிப்புக் கடிதம்

2015 டிசம்பர் 1. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. அடையாறு கரை புரண்டது. முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளில் முதல் மாடி வரை நீர். அக்காலத்தில் நான் இப்புறநகர்ப் பங்கொன்றில் பணியாற்றி, அதன் பள்ளிக்குத் தாளாளராகவும் இருந்தேன். வகுப்பறைகளைத் திறந்துவிட்டோம், சில மணி நேரத்தில் முந்நூறு பேர் வந்து சேர்ந்தனர்.

எங்கே தொடங்குவது என்று நான் திகைத்து நின்றபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் கோடு போட்டுக்கொண்டு ஒவ்வோர் அறையாகச் சென்றாள். எந்த அறையில் எத்தனை கைக்குழந்தை, யாருக்குச் சர்க்கரை நோய் மாத்திரை வேண்டும், யார் இன்னும் வந்து சேரவில்லை — எல்லாம் எழுதிக்கொண்டு வந்து என் கையில் தந்தாள். அவள் தாய் நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிப் பிழைப்பவர். அவர்கள் குடிசையும் நீரில் போயிருந்தது. அந்த நோட்டைக் கொண்டே ஐந்து நாள் முகாமை நடத்தினோம். ஞாயிறு திருப்பலியில் அவளை எழுப்பி நிறுத்திக் கைதட்டச் சொன்னேன்.

பதின்மூன்று மாதங்கள் சென்றன. 2017 ஜனவரி. சல்லிக்கட்டுத் தடைக்கு எதிராக மெரினாவில் இளைஞர் கூடியிருந்தனர். அலங்காநல்லூரைப் படத்தில் மட்டுமே கண்ட புறநகர்ப் பிள்ளைகளும் அங்கே சென்றனர். காளைக்காக மட்டும் சென்றவர்கள் அல்லர், 'நாங்கள் யார்' என்ற கேள்வியோடு சென்றவர்கள். அப்போது பத்தாம் வகுப்பில் இருந்த அதே மாணவி, இருபது பேரோடு என் அலுவலகத்துக்கு வந்தாள். கையில் ஒரு மனு. பள்ளி முடிந்தபின், வளாகத்துக்குள்ளேயே, ஒரு மணி நேரம் அமைதியாக நிற்க அனுமதி வேண்டும் என்று அழகாக எழுதியிருந்தாள். சாலைக்குப் போகவில்லை; வகுப்பைத் தவிர்க்கவில்லை. கேட்டது அனுமதி மட்டுமே.

நான் மறுத்தேன். மறுத்ததோடு நிற்கவில்லை. "யார் உன்னைத் தூண்டிவிட்டது?" என்று கேட்டேன். மனு எழுதியவள் என்பதால் மறுநாள் தாயை அழைத்துவரச் சொன்னேன். மன்னிப்புக் கடிதம் எழுதித் தாயும் மகளும் கையொப்பமிட வேண்டும் என்றேன். தாய் அன்றைய வேலையை விட்டுவிட்டு வந்து, என் மேசைக்கு எதிரே நாற்காலி இருந்தும் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். ஜனவரி 23-இல் மெரினாவில் கலவரம் மூண்டதைத் தொலைக்காட்சியில் கண்டபோது, நான் செய்தது சரி என்று என்னையே மெச்சிக்கொண்டேன். அச்சத்தை ஒழுங்கு என்று பெயரிட்டு அழைத்தேன், அவ்வளவுதான்.

அந்த ஆண்டு முழுவதும் அவள் வகுப்பில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பது எனக்குப் பின்னர்தான் தெரிந்தது.

பகுதிச் சபையில் எழுந்த குரல்

தாம்பரம் மாநகராட்சியின் முதல் மேயராக 2022 மார்ச்சில் வசந்தகுமாரி கமலக்கண்ணன் பொறுப்பேற்றபோது அவருக்கு வயது 25. அவ்வாண்டு நவம்பர் 1-இல், உள்ளாட்சி நாளன்று, பம்மலில் கூடிய பகுதிச் சபையில் முதலமைச்சரே அமர்ந்து மக்களின் குறைகளைக் கேட்டார். ஊர்ப்புறத்தில் கிராமசபை போல நகர்ப்புறத்தில் இச்சபை. பின்னர் ஒருநாள் இது போன்ற ஒரு கூட்டத்துக்கு நானும் சென்றிருந்தேன்.

தெருவிளக்கு, குப்பை வண்டி என்று பலரும் பேசினர். பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். கையில் நோட்டு. எந்தத் தெருவில் மழைநீர் வடிகால் எவ்வளவு தூரம் போடப்பட்டது, எந்த இடத்தில் இணைப்பு விட்டுப்போயிற்று, அதனால் எத்தனை வீடுகளில் நீர் புகுந்தது என்று வரிசையாகச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. பொறியாளர் எழுந்து குறித்துக்கொண்டார். அந்த நோட்டைப் பிடித்திருந்த விதத்தைக் கண்டே நான் அவளை அடையாளம் கண்டுகொண்டேன்.

கூட்டம் முடிந்ததும் அருகே சென்றேன். "நன்றாக இருக்கிறீர்களா ஃபாதர்?" என்று கைகூப்பினாள். வணிகவியல் பட்டம் பெற்று ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னாள். பழைய நிகழ்ச்சியை நானே தொடங்கினேன்.

அவள் சற்று யோசித்தாள். "நீங்கள் தடுத்தது எனக்கு வருத்தம் இல்லை ஃபாதர். பொதுத் தேர்வு, பள்ளியின் பெயர், போலீஸ் என்று உங்களுக்கு ஆயிரம் கவலை இருந்திருக்கும். அதைச் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்போம். ஆனால் செய்யாத தப்புக்கு மன்னிப்பு எழுதச் சொன்னீர்கள். பாவம் இருந்தால்தான் பாவசங்கீர்த்தனம் என்று நீங்கள்தானே மறைக்கல்வியில் சொல்லிக் கொடுத்தீர்கள்?"

குருத்துவக் கல்லூரியில் அறநெறி இறையியல் பயின்றவன் நான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை.

மறுவாரமே பழைய பள்ளிக்குச் சென்று, தலைமை ஆசிரியையின் இசைவோடு அந்தக் கடிதத்தைத் தேடி எடுத்தேன். அவர்கள் வீட்டுக்குச் சென்று தாயின் கையில் கொடுத்து, "அம்மா, நான்தான் உங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்" என்றேன்.

அவர் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அதெல்லாம் எப்போதோ நடந்தது சாமி. ஆனால் இதில் என்னதான் எழுதியிருந்தது? எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். அன்று யாரும் படித்துக் காட்டவில்லையே" என்றார்.

மகள் வாங்கிப் படித்துக் காட்டினாள். தாய் முழுவதும் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் எழுந்து, எனக்குக் காப்பி போடப் போனார்.

வாசகர் குடும்பங்களுக்கு

வண்டி பரங்கிமலையை அடைந்திருந்தது. பிள்ளைகள் அமைதியாயிருந்தனர். தம்பியின் கேள்விக்கு அப்போதுதான் விடை சொன்னேன்; அதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

மாணவர் போராடலாமா என்று கேட்பதற்கு முன், மாணவர் கேள்வி கேட்கலாமா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். கேள்வியை அடைத்து வைக்கும் வீடும் பள்ளியும் ஒழுக்கமான பிள்ளைகளை உருவாக்குவதில்லை. ஒன்று வாயடைத்த பிள்ளைகளை, அன்றேல் ஒருநாள் வெடித்துச் சிதறும் பிள்ளைகளை உருவாக்குகின்றன. நம் நாட்டில் வாக்களிக்கும் வயது 1989 முதல் 18. இன்று ஒன்பதாம் வகுப்பில் அமர்ந்திருக்கும் பிள்ளை இன்னும் நான்கே ஆண்டுகளில் அரசைத் தேர்ந்தெடுக்கும். அதுவரை அதன் கருத்தை ஒருவரும் கேட்டதில்லை என்றால், அன்று அது எதைக் கொண்டு தீர்மானிக்கும்?

பெற்றோரே, இரவு உணவின்போது பிள்ளை கேட்கும் கேள்விக்கு 'உனக்கெதற்கு அது' என்னாதீர்கள். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்; சேர்ந்து தேடுங்கள். ஆசிரியர்களே, தாளாளர்களே, மறுக்க வேண்டியதை மறுங்கள். காரணம் சொல்லி மறுங்கள். மாணவர் மன்றத்துக்கு நல்ல பிள்ளைகளை நாமே பார்த்து நியமிக்காமல், அவர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்க விடுங்கள். தவறானவரைத் தேர்ந்தால் அதுவும் ஒரு பாடமே. படிக்கத் தெரியாத தாய் எவரேனும் நம் மேசையின்முன் வந்தால், நாற்காலி தந்து, எழுதியிருப்பதை வாய்விட்டுப் படித்துக் காட்டிய பிறகே கையெழுத்துக் கேளுங்கள்.

இளைஞரே, உங்களுக்கும் ஒரு சொல். எதற்காக எழுந்து நிற்கிறீர்கள் என்பதை முதலில் கற்றுத் தெளியுங்கள். எவருக்கும் தீங்கு செய்யாதீர்கள்; உங்களுக்கு நீங்களே செய்துகொள்வதும் தீங்குதான். முழக்கம் ஓய்ந்த மறுநாள் நோட்டையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். பகுதிச் சபையின் பின்வரிசையில் உங்களுக்கு இடம் இருக்கிறது.

வண்டியை விட்டு இறங்கியதும் எல்லாரும் ஒருமுறை அண்ணாந்து மலையைப் பார்த்தோம். உச்சியில் விளக்கு எரிந்தது. காயத்தைக் கண்டு தொட்டாலன்றி நம்பேன் என்று சாதித்த தோமையாரின் மலை அது. உயிர்த்த ஆண்டவர் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. யார் உன்னைத் தூண்டிவிட்டது என்றும் கேட்கவில்லை. எட்டு நாள் கழித்து வந்து, கையை நீட்டித் தம் காயத்தையே காட்டினார். அந்தக் கேள்வியாளர்தான் கடல் கடந்து நம் மண்ணுக்கு நற்செய்தி கொண்டுவந்து, இம்மலையில் உயிர் தந்தார் என்பது நம் மரபு.

"அப்படியானால் கேட்கலாம், இல்லையா ஃபாதர்?" என்றான் தம்பி.

"கேள்" என்றேன்.